கயிறு இழுத்த கரை: பக்கிங்காம் கால்வாயின் கதை

"மாத்தூர்ல இருந்து சைக்கிள்ல எங்க போகலாம் டாக்டர்?" என்று கேட்கிறவங்க இப்ப அதிகமாயிட்டாங்க. சுகருக்கும் பிரஷருக்கும் நடங்க, சைக்கிள் ஓட்டுங்க என்று ஓ.பி.யில் தினமும் சொல்றவன் நான். அப்ப வழி சொல்ற கடமையும் எனக்குத்தான். சொல்றேன். ஆனா வழியோடு சேர்த்து ஒரு வரலாறும் சொல்வேன். நீளமான திரெட். டீ எடுத்துக்கிட்டு வாங்க.

முதல்ல வழி.

நம்ம பக்கம் மேடே கிடையாது. கியர் சைக்கிள் தேவையில்லை. மாத்தூர், மணலி, மணலி புதுநகர், வல்லூர், மீஞ்சூர், பொன்னேரி, திருப்பாலைவனம், பழவேற்காடு. ஒரு பக்கம் மட்டும் 40 கி.மீ.க்கு மேல் வரும். முழு தூரத்திலும் நீங்க மூச்சு வாங்கி ஏற வேண்டிய இடம் மேம்பாலங்கள் மட்டும்தான். ஒரே எதிரி கன்டெய்னர் லாரி. அதைப் பற்றி கடைசியில் சொல்றேன்.

இந்த வழி முழுக்க உங்களுக்கு வலது கைப்பக்கம், கிழக்கே, கூடவே ஒரு கால்வாய் வந்துக்கிட்டே இருக்கும். பெரும்பாலான இடத்தில் கண்ணுக்குத் தெரியாது. தெரியிற இடத்தில் மூக்கைப் பொத்திக்குவீங்க. சாத்தங்காடு பக்கம் பாலத்தில் தினமும் கடக்கிறவங்க பாதிப்பேர் அதை "கூவம்" என்றுதான் சொல்றாங்க. அது கூவம் இல்லை. பக்கிங்காம் கால்வாய்.

இங்கிலாந்திலும் பிரான்சிலும் கால்வாய்க் கரையோரம் சைக்கிள் ஓட்டுவது ஒரு பெரிய பொழுதுபோக்கு. பிரான்சின் தெற்கே 1681-ல் திறந்த மிடி கால்வாயின் கரையில் இன்றும் மரநிழலில் நாள் கணக்கில் சைக்கிள் ஓட்டிப் போறாங்க. அந்தக் கரைப்பாதை ஏன் வந்தது தெரியுமா? சைக்கிளுக்காக இல்லை. படகை இழுக்கிற குதிரை நடக்க. கால்வாயில் காற்று எப்பவும் சாதகமா இருக்காது, நீரோட்டமும் பெரிசா இருக்காது. அதனால் கரையில் குதிரை நடக்கும், கயிற்றின் மறுமுனையில் படகு வரும். குதிரை வழுக்காம நடக்க சமதளமா, தொடர்ச்சியா ஒரு பாதை தேவை. அதுதான் நூறு, இருநூறு வருஷம் கழித்து சைக்கிள்காரனுக்கு வரமா ஆச்சு.

நம்ம கால்வாய்க்கும் அப்படி ஒரு கரை இருந்தது. இங்கே அதில் கயிறு இழுத்தது மனுஷன்.

கதையை 1806-ல் இருந்து ஆரம்பிக்கணும். அப்ப சென்னைக்குத் துறைமுகமே இல்லை. கப்பல்கள் கரைக்குத் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். மசுலாப் படகில் அலையைத் தாண்டி சரக்கு இறக்குவாங்க. புயல் மாசத்தில் அதுவும் முடியாது. ஆனா ஊருக்கு விறகு வேணும், உப்பு வேணும், கட்டடத்துக்குச் சுண்ணாம்பு வேணும், நெல் வேணும். இது எல்லாமே வடக்கே எண்ணூர், பழவேற்காடு பக்கம் இருக்கு. நடுவில் தட்டையான நிலம், ஆங்காங்கே கழிமுகம். ஆக கடலுக்கு உள்பக்கமா, கடற்கரைக்கு இணையா ஒரு வாய்க்கால் வெட்டினா போதும்.

பேசில் காக்ரேன் என்ற வியாபாரி பணம் போட்டார். சென்னையில் இருந்து எண்ணூர் வரை 11 மைல், அதாவது 18 கி.மீ. அதனால் ரொம்ப நாள் அதுக்குப் பேர் காக்ரேன் கால்வாய். படகுகளிடம் சுங்கம் வாங்கிக்கலாம் என்பது ஏற்பாடு. பிறகு பழவேற்காடு ஏரி வரை நீண்டது. 1837-ல் அரசாங்கம் எடுத்துக்கிச்சு. அப்புறம் வடக்கே கிருஷ்ணா டெல்டாவின் பெத்தகஞ்சம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்தாங்க. மொத்தம் 400 கி.மீ.க்கு மேல். அங்கே கிருஷ்ணா, கோதாவரி பாசனக் கால்வாய்களோடு சேர்ந்ததால், காக்கிநாடாவில் தோணி ஏறினா கடலைத் தொடாமலே சென்னை வந்துடலாம்.

ஒரு கிளைக்கதை. இந்த காக்ரேன் லண்டன் திரும்பிப் போய் நீராவிக் குளியல் வைத்தியத்தில் இறங்கினார். அவருடைய குளியல் நிலையத்தில் வேலை பார்த்தவர் பாட்னாக்காரர் சேக் தீன் முகம்மது. அவர் அங்கே நம்ம ஊர் மசாஜைச் சேர்த்தார், "சாம்பு" என்று பேர் வைத்து. பின்னாடி பிரைட்டன் போய் அதே தொழிலில் பெரிய ஆளானார். நீங்க தலைக்குப் போடுற ஷாம்பு என்ற சொல்லுக்கு இப்படி ஒரு பயணம் இருக்கு. சரி, கால்வாய்க்கு வருவோம்.

வடக்கே இருந்து வர்ற தோணிகள் சரக்கு இறக்கின இடம் பேசின் பிரிட்ஜ். பேரிலேயே இருக்கு பாருங்க: பேசின் என்றால் படகுகள் நிற்கிற நீர்த்தொட்டி. பக்கத்தில் ரயில்வேயின் சால்ட் கொட்டார்ஸ் யார்டு இருக்கே, அது உப்புக் கொட்டாரம். எண்ணூர், அத்திப்பட்டு உப்பளங்களில் வாரின உப்பு சேர்ந்த கிடங்கு. வடசென்னையின் பாதி ஊர்ப்பேர்கள் சரக்கு மேனிஃபெஸ்ட் மாதிரிதான் இருக்கும்.

காற்று சாதகமா இருந்தா பாய் விரிப்பாங்க. இல்லேன்னா நீளக் கழியை அடித்தரையில் ஊன்றித் தள்ளுவாங்க. அதுவும் போதாதப்ப கயிறு. பாய்மரத்தில் கட்டின நீளக் கயிற்றைத் தோளில் போட்டுக்கிட்டு ஒருத்தர் கரையில் நடப்பார். கயிற்றை உயரத்தில் கட்டினாதான் கரையோரப் புதர் மேல் சிக்காம வரும். தண்ணீரில் மிதக்கிற பாரம் நகர ஆரம்பித்துவிட்டால் ஒரு ஆளால் பல டன் இழுக்க முடியும். ஆனா அந்த முதல் இழுப்பு இருக்கே, அது மொத்தமா முதுகெலும்பிலும் முழங்காலிலும் இறங்கும். அப்புறம் உடம்பை ஒரு பக்கமா சாய்த்துக்கிட்டே மைல் கணக்கில் நடக்கணும். எலும்பு டாக்டர் யாராவது இந்த இழையைப் படித்தால் அந்த இடுப்பை நினைச்சுப் பாருங்க.

1930-களில் பாரதிதாசன் நண்பர்களோடு இதே கால்வாயில் மாமல்லபுரத்துக்குத் தோணியில் போனார். அந்தப் பயணத்தைத்தான் "மாவலிபுரச் செலவு" என்று பாட்டா எழுதினார். உல்லாசப் பயணம்தான். ஆனா வெளியே இருக்கிற அழகைப் பார்த்துக்கிட்டே வந்தவரின் கண்ணில், கரையில் தோணிக் கயிற்றைத் தோளில் போட்டு இழுத்துக்கிட்டு நடக்கிற ஆள் படுறார். அதுக்கு மேல் அவரால் ரசிக்க முடியவில்லை. படிக்காதவங்க தேடிப் படிங்க. கால்வாய்க் கரை எதுக்காக இருந்தது என்பதற்கு நம்ம மொழியில் அதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன்.

சென்னைக்கு வடக்கே ஒரு கால்வாய், தெற்கே ஒரு கால்வாய். நடுவில் நகரத்துக்குள் கூவத்துக்கும் அடையாறுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. வெட்டாமலே கிடந்தது. அதை வெட்டினது 1877-78-ல். யார் வெட்டினாங்க? பஞ்சத்தில் சாப்பாட்டுக்கு வழியில்லாம பட்டணத்துக்கு நடந்து வந்த ஜனங்க.

1876-ல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீங்க. அதுதான் இது. மதராஸ், மைசூர், பம்பாய், ஐதராபாத் எல்லாம் காய்ந்தது. இறந்தவர்கள் கணக்கு இன்றும் ஒருமுகமா இல்லை. குறைச்சலா சொல்றவங்களே 50 லட்சத்துக்கு மேல் சொல்றாங்க. அந்த நேரத்திலும் தானியம் ஏற்றுமதி ஆகிக்கிட்டுத்தான் இருந்தது. வைஸ்ராய் லிட்டன் பிரபு சந்தையில் தலையிடக் கூடாது என்று உறுதியா இருந்தார்.

சும்மா சோறு போட்டால் ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்க, வேலை வாங்கிக்கிட்டு கூலி கொடு என்பது அன்றைய கொள்கை. இந்த வசனம் இன்னைக்கும் டீக்கடையில் கேட்கும். ரோடு போடு, குளம் வெட்டு, கால்வாய் தோண்டு. அப்படித்தான் நகரத்தின் நடுவே இருந்த அந்த 8 கி.மீ. தோண்டப்பட்டது.

எவ்வளவு கூலி?

1877 ஜனவரியில் லிட்டன் அனுப்பின பஞ்சத் தூதர் சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்தார். இவர் மூன்று வருஷம் முன்னாடி, 1874-ல் பீகார் பஞ்சத்தில் பர்மாவில் இருந்து அரிசி இறக்கி, சாவே இல்லாத அளவுக்குச் சமாளித்தவர். அதுக்குப் பாராட்டு கிடைக்கவில்லை. பணத்தை வாரி இறைத்துட்டார் என்று திட்டுதான் கிடைத்தது. இந்த முறை அந்தப் பேரைத் துடைக்கணும் என்ற முடிவோடு வந்தார். அவர் நிர்ணயித்தது: வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், ஒரு அணா காசு. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்னும் குறைவு. வரலாற்றில் "டெம்பிள் கூலி" என்று இதுக்குப் பேரே இருக்கு.

ஒரு பவுண்டு என்றால் 450 கிராம் சொச்சம். கணக்குப் போடலாம் வாங்க, இது என் ஏரியா.

450 கிராம் அரிசியில் சுமார் 1,600 கலோரி. புரதம் 35 கிராமைத் தாண்டாது. 50 கிலோ எடை உள்ள ஒரு ஆண் ஒன்றுமே செய்யாம படுத்துக் கிடந்தாலே 1,300 கலோரி வரை எரியும். மண்வெட்டி பிடித்துக் கால்வாய் தோண்டி, மண் கூடையைத் தலையில் தூக்கிக் கரையேறுகிற ஆளுக்கு? இன்றைய ஐ.சி.எம்.ஆர். கணக்கில் கடின உழைப்பு செய்யும் ஆணுக்கு நாளுக்கு சுமார் 3,500. அந்த ஒரு அணாவில் பருப்பும் புளியும் உப்பும் வாங்கிக்கணும், அதுவும் விலை எகிறிக் கிடந்த சந்தையில். அதாவது வேலை செய்யச் செய்ய உடம்பு தன்னையே தின்னும். முதல்ல கொழுப்பு, அப்புறம் தசை, அப்புறம் இதயத் தசை.

இதை அன்னைக்கே ஒரு மருத்துவர் சொன்னார். டாக்டர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ், மதராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர். 1871-ல் இந்த மாகாணத்தின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையை எழுதினவரும் இவர்தான். ஊரில் எத்தனை பேர் இருக்காங்க என்று எண்ணினவர், இப்ப அவங்க ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு சோறு வேணும் என்று சண்டை போட்டார். சிறைக் கைதிகளின் உணவுக் கணக்கையெல்லாம் எடுத்துக் காட்டினார். உழைக்கிற ஆளுக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியம், 680 கிராம், அதோடு பருப்பும் காய்கறியும் வேணும் என்பது அவர் வாதம்.

யோசிச்சுப் பாருங்க. வைட்டமின் என்ற சொல்லே பிறக்காத காலம். மேலே வைஸ்ராய், நடுவில் டெம்பிள், கீழே ஒரு அரசு டாக்டர். அவர் கையில் இருந்தது முகாம்களில் மெலிந்துக்கிட்டே போற உடம்புகளும், மேலே எழுதிப் போடற பேனாவும். அரசு வேலையில் இருக்கிறவங்களுக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று புரியும். மேலிடம் ஒரு எண்ணை முடிவு பண்ணிட்டா, கீழே இருக்கிறவன் "இந்த எண் தப்பு" என்று கோப்பில் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பாதி ஜெயித்தார். 1877 மார்ச்சில் மதராஸ் அரசு கூலியை உயர்த்தியது: 570 கிராம் தானியம், 43 கிராம் பருப்பு. என் கணக்கில் சுமார் 2,100 கலோரி. டெம்பிளுக்கும் கார்னிஷுக்கும் நடுவில். நேர்மையா சொன்னா கார்னிஷ் கேட்டதே இன்றைய அளவுகோலில் கம்மிதான். ஆனா 1,600-க்கும் 2,100-க்கும் உள்ள அந்த 500 கலோரியில் எத்தனை உயிர் தங்கியிருக்கும் என்று நினைத்தால், நான் படித்த மருத்துவ வரலாற்றில் இதைவிடப் பெரிய மருந்துச் சீட்டு ரொம்ப இல்லை.

பட்டினியில் மனுஷன் "பசியால்" சாவதில்லை. வயிற்றுப்போக்கில் சாவான், காலராவில் சாவான், காய்ச்சலில் சாவான். குடலின் உள்சுவர் மெலிந்துவிடும். அப்புறம் சோறு கொடுத்தாலும் செரிக்காம அப்படியே போகும். அதனால் பதிவேட்டில் "பஞ்சச் சாவு" என்று வராது, "பேதி" என்று வரும். இந்தப் பஞ்சத்தின் நோய்களைப் பற்றி அலெக்சாண்டர் போர்ட்டர் என்ற மருத்துவர் சென்னையில் செய்த பிரேதப் பரிசோதனைகளை வைத்து 1889-ல் ஒரு புத்தகமே போட்டார். பட்டினி உடம்பை என்ன செய்யும் என்று பின்னாடி ஆராய்ந்தவர்களுக்கு அது அடிப்படை நூல்.

வடசென்னைக்காரங்களுக்கு இன்னொன்று. ஸ்டான்லி ஆஸ்பத்திரியை நம்ம பெரியவங்க "கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி" என்பாங்க. அந்தக் கஞ்சித் தொட்டி இதுக்கும் முந்தின பஞ்சத்தில், 1782-ல், மணியக்காரர் சத்திரத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஆரம்பித்தது. நம்ம பெரிய ஆஸ்பத்திரியே கஞ்சியில் இருந்துதான் முளைத்தது.

1878-ல் கால்வாய் முழுமையடைந்தது. அப்ப கவர்னர் பக்கிங்காம் பிரபு. அவர் பேரை வைத்தாங்க. 1881-ல் அடுத்த கணக்கெடுப்பு எடுத்தப்ப, பத்து வருஷத்தில் கூடியிருக்க வேண்டிய மதராஸ் மாகாண ஜனத்தொகை 1871-ஐவிடக் குறைந்திருந்தது.

இந்தப் பஞ்சத்துக்குப் பிறகுதான் பஞ்ச விசாரணைக் குழு, பஞ்ச விதித்தொகுப்பு எல்லாம் வந்தது. பஞ்ச காலத்தில் அரசு மண் வேலை கொடுக்கணும், கூலி உயிர் தாங்குற அளவு இருக்கணும் என்று எழுத்தில் வந்தது அப்பதான். நூறு நாள் வேலையில் ஏரி தூர் வாருறதைப் பார்க்கிறப்ப எனக்கு இந்த வரிசை ஞாபகம் வரும்.

பிறகு நடந்ததை வேகமா சொல்லிடறேன். 1899-ல் சென்னை–விஜயவாடா ரயில் பாதை வந்தது. நீங்க எண்ணூர், மீஞ்சூரில் பார்க்கிற அதே பாதை. தோணி நாள் கணக்கில் கொண்டு வந்ததை ரயில் மணிக்கணக்கில் கொண்டு வந்தது. ஆனாலும் விறகும் உப்பும் சவுக்கும் தோணியிலேயே இன்னும் பல வருஷம் வந்தது. 1965, 1966 புயல்கள் கரைகளை உடைத்து மண்ணை நிரப்பின. அதோடு போக்குவரத்து சரிந்தது. 1990-களில் பறக்கும் ரயிலுக்கு நகரத்துக்குள் இருந்த கால்வாய்க்கு உள்ளேயே தூண் நட்டாங்க. சேப்பாக்கத்தில் ஏறி மயிலாப்பூர், மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு போறவங்க ஒவ்வொருத்தரும் அந்த 1877-ன் பஞ்சக் கூலிகள் வெட்டின பள்ளத்துக்கு மேலதான் போறீங்க. 2008-ல் இதை தேசிய நீர்வழி 4-ன் பகுதி என்று அறிவித்தாங்க. தோணி வரவில்லை.

2023 டிசம்பர் மிச்சாங் புயல் வெள்ளத்தில் மணலி தொழிற்பகுதியில் இருந்து எண்ணெய் கலந்து இதே கால்வாய் வழியா எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனது உங்களுக்கு மறந்திருக்காது. படகு, வலை, வீட்டுச் சுவர், பெலிக்கன் இறக்கை எல்லாத்திலும் கறுப்பு. சரக்கு கொண்டு போக வெட்டின வாய்க்கால் இந்த முறையும் சரியா வேலை செய்தது, அவ்வளவுதான்.

இப்ப அடிக்கடி ஒரு யோசனை வருது: கால்வாயைச் சுத்தம் பண்ணி, கரையில் நடைபாதையும் சைக்கிள் பாதையும் போடலாமே, வெளிநாட்டில் இருக்கே என்று. எனக்கும் ஆசைதான். ஆனா கரை காலியா இல்லை. அங்கே வீடுகள் இருக்கு. இந்த ஊரில் நீர்நிலையை மீட்கிறோம் என்று சொல்லும் போதெல்லாம் முதலில் நகர்வது குப்பையோ கழிவுநீர்க் குழாயோ இல்லை, கரையில் குடியிருப்பவர்கள். கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் போனவர்களைக் கேளுங்க. துறைமுகத்தில் கூலி வேலை, காசிமேட்டில் மீன் வேலை, வீடு மட்டும் நகரத்தின் தென்கோடியில். மாத்திரை வாங்க வர்றதுக்கே இரண்டு பஸ் மாற வேண்டிய நோயாளி மாத்திரையை விட்டுடுவார். பிரஷரும் சுகரும் ஏறும். சைக்கிள் பாதை போட்டு நாலு பேருக்கு சுகரைக் குறைத்து, அதே இடத்தில் நாற்பது பேருக்கு ஏற்றுவது எந்த மருத்துவக் கணக்கிலும் சேராது. கழிவுநீரை முதலில் நிறுத்தட்டும். கரையில் இருக்கிறவங்களுக்குப் பக்கத்திலேயே வீடு கொடுக்கட்டும். பிறகு பாதை போடட்டும், நானே முதல் ஆளா சைக்கிளோட வந்து நிற்கிறேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமை கிளம்புறவங்களுக்கு.

காலை 5 மணிக்கு மாத்தூரை விட்டுடுங்க. மணலியில் இருந்து மீஞ்சூர் வரை டி.பி.பி. ரோட்டில் துறைமுக டிரெய்லர்கள் ஓடும். ஞாயிறு அதிகாலையில் கொஞ்சம் குறைவு. பின்னால் சிவப்பு விளக்கு, ஹெல்மெட் கட்டாயம். டிரெய்லரின் இடது பக்கம் நுழையவே நுழையாதீங்க, அந்தப் பக்கம் டிரைவருக்கு நீங்க தெரியமாட்டீங்க. பொன்னேரி தாண்டினா வயல்வெளி, நிம்மதி.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணி, ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். சுகருக்கு இன்சுலின் போடுறவங்க வெறும் வயிற்றில் கிளம்பாதீங்க, பையில் கடலை மிட்டாய் வெச்சுக்குங்க. நெஞ்சு வலி, மூச்சு வாங்கல் உள்ளவங்க டாக்டரைப் பார்த்துட்டு அடுத்த மாசம் வாங்க.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்க, வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். பார்த்துட்டு 10 மணிக்குள்ள திரும்பிடுங்க. அதுக்கு மேல் அந்த ரோட்டில் நிழல் கிடையாது.